மூன்றாம் பருவப் புத்தகம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிழமை தெரிவது காலைச் சாப்பாட்டை வைத்துத்தான். உப்புமா என்றால் திங்கள், பொங்கல் என்றால் புதன். ஒருமுறை பருப்பு வந்து சேராமல் புதன்கிழமையன்றும் உப்புமா போட்டுவிட்டார்கள். அன்று கணக்குப் பாடத்துக்காகப் புளியங்கொட்டை டப்பாவை எடுத்தேன். ஒன்றாம் வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"பாட்டு, டீச்சர்! இன்னிக்கி பாட்டு."

"இன்னைக்குப் புதன்டா."

"இல்ல டீச்சர், உப்புமா."

கடைசியில் பாட்டுத்தான் நடந்தது. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பள்ளி மலைமேல் கரியாலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் பிறந்தது நைனார்பாளையம், குடியிருப்பது கள்ளக்குறிச்சி. காலை முதல் பஸ்ஸில் கரியாலூர் வந்து, அங்கே ஒரு கடையோரம் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவேன். ஆசிரியர்கள் இரண்டு பேர், தலைமையாசிரியரும் நானும். அறைகளும் இரண்டு. ஒன்று ஒழுகுவதால் அதில் பழைய மேசைகளும் அரிசி மூட்டையும் கிடக்கின்றன. ஐந்து வகுப்புகளும் மற்றொரு கூடத்தில்தான். மூன்றாம் வகுப்பு வரை என் பக்கம், நான்கும் ஐந்தும் அவர் பக்கம். நடுவில் தடுப்பு கிடையாது. ஒரு வகுப்புக்கு நடத்துவது ஐந்து வகுப்புக்கும் கேட்கும்.

வாரம் ஒரே மாதிரி ஓடும். திங்கள் புதுப் பாட்டும் புதுப் பாடமும். செவ்வாய் சொல்லட்டை. புதன் கணக்கு. வியாழன் களிமண்ணோ வண்ணமோ. வெள்ளி மதிப்பீடு. ஒவ்வொரு பிள்ளையும் வந்து படிக்க வேண்டும், நான் நிலை போட வேண்டும். எழுத்து தெரியாவிட்டால் அரும்பு, எழுத்துக் கூட்டினால் மொட்டு, தானாக வாசித்தால் மலர். மாலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கே கிடைக்கும் கொஞ்சம் சிக்னலில் எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு மலை இறங்குவேன்.

இதைத் தவிர எனக்கென்று ஒரு நோட்டு உண்டு. பழைய நாட்குறிப்புகளைத் தேடிப் படிக்கிற பழக்கத்தில் வந்தது அது. யாரோ ஒருவர் என்றோ பெய்த மழையை எழுதி வைத்ததால்தானே நமக்குத் தெரிகிறது என்று தோன்றும். இடப்பக்கம் தேதி, கிழமை, மழை உண்டா இல்லையா, யார் யார் வரவில்லை. வலப்பக்கம் அன்று என்ன நடந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வேலை நாளும் விட்டதில்லை.

என்னிடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பெண்ணைப் பற்றி நோட்டில் நிறைய இருக்கிறது. போன வருஷம் ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல். ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன் இருக்கும். வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தால் மற்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஓடை போகிற மாதிரி படிப்பாள். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புவாள். கேள்வி வருகிற இடத்தில் குரல் உயரும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஜூலை முதல் வெள்ளியன்று அவளுக்கு மலர் போட்டேன். நோட்டில், "தடங்கலே இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அவள் அப்பாவிடம் அன்றே சொன்னேன். மரவள்ளிக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார், கையெல்லாம் செம்மண்.

"தானா படிக்கிதுங்களா டீச்சர்? சொல்லித் தராமலே?"

"தானாத்தான் படிக்கிறா."

"அப்ப பஸ்ஸு போர்டெல்லாம் படிச்சிடுமா?"

ஏன் அதைக் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவரே சொன்னார். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவார்கள். ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். மேஸ்திரி ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். ஒரு வருஷம் அவரோடு சண்டை வந்து இவர்கள் மட்டும் தனியாகக் கிளம்பினார்கள். சேலத்தில் மாறி ஏறி, பெயர் தெரியாத ஊரில் இறங்கி, ஒரு பகல் முழுவதும் பிள்ளைகளோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லா பஸ்ஸும் ஒண்ணாத்தான் தெரியிது. கண்டக்டர கேட்டா, எழுதிக்கிறது தெர்லயாங்குறான். திரும்ப மேஸ்திரிகிட்டயே போய் நின்னோம். ஆட்ட ஓட்ற மாதிரி ஓட்டிக்கினு போறான் டீச்சர், வையாத நாளு கெடையாது." பிறகு மகளைப் பார்த்தார். "இந்த வருசம் அவன் தொல்ல வேணாம். வேற எஸ்டேட்டுல தங்க வூடு தரேன்னு சொல்லிக்கிறாங்க. பாப்பா படிச்சிக்கினே கூட்டிப்போவும்."

அவள் சிரிக்கவில்லை. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அது வெட்கம் என்று நினைத்தேன்.

நவம்பர் கடைசி வெள்ளி. விடியலிலிருந்து மழை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பும் என் கையில், மதிப்பீடும் நான்தான் முடிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களைக் கொஞ்ச நேரம் அமர்த்தி வைக்க இவளைக் கூப்பிட்டேன். அலமாரியில் போன வருஷத்து மூன்றாம் பருவப் புத்தகம் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. பொங்கல் முடிந்து தொடங்கி ஏப்ரல் வரை நடத்துகிற புத்தகம் அது.

"இதுல யானைப் படம் போட்ட பக்கத்தை எடுத்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டும்மா" என்றேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். யானைப் பக்கத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஒரு யானை, அதற்குக் கால் வலி, வெள்ளிமலைக்கு மருந்து வாங்கப் போகிறது, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு உருண்டு சிரித்தது. "அப்பறம்? அப்பறம்?" நானும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். நல்ல கதையாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். யானை அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தது. அதுவும் ஏற்றவில்லை. இன்னொரு பஸ் வந்தது.

அந்தப் பக்கத்தில் ஐந்து வரிகள்தான் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். விரல் வரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசி வரி முடிந்ததும் மறுபடி முதல் வரிக்கு வந்தது. நான் நிற்பது தெரிந்ததும் கதை நின்றது.

"முதல் வார்த்தை என்ன?" என்று கேட்டேன்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"முதல் எழுத்தாவது?"

புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள், "இது எனக்கு யாரும் படிச்சதில்ல டீச்சர்."

அன்று மாலை தொட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்று வருஷத்து நோட்டுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய வாரத்தோடு அவள் வருகை நின்றுபோகிறது. திரும்ப வருவது ஜூனில். மூன்றாம் பருவப் புத்தகம் நடத்துகிற ஒரு நாளில்கூட அவள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததில்லை. முதல் இரண்டு பருவங்களின் பாடங்களை மட்டும் மூன்று வருஷமாக, எல்லா வகுப்புக்கும் நடத்தியதை, ஓரத்தில் உட்கார்ந்து காதால் வாங்கியிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதே மூன்றாம் வகுப்புப் பாடம் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் என் கையெழுத்தில், தேதியோடு இருந்தது. எழுதியவள் நான். ஒருநாளும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

சொல்லட்டையில் எப்படித் தேறினாள் என்பது திங்களன்று புரிந்தது. மரம் என்ற அட்டைக்கு ஒரு முனை கடிபட்டிருக்கும். பட்டம் என்ற அட்டையில் கிச்சடி மஞ்சள் ஒட்டியிருக்கும். புதிதாக அட்டை வெட்டி அதே சொற்களை எழுதிக் காட்டினேன். ஒன்றையும் சொல்லவில்லை.

"தடங்கலே இல்லை" என்று அடிக்கோடு போட்டிருந்தேனே, அதுதான் அடையாளம். படிக்கிற பிள்ளை தடுக்கும். நீளமான சொல்லில் நிற்கும், திரும்பப் போகும்.

பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினேன். ஏழு வாரம் இருந்தது. அரையாண்டுத் தேர்வு, அதன் விடுமுறை, எனக்கு வந்த பயிற்சி நாட்கள், இதையெல்லாம் கழித்துப் பதினாறு நாள் வரும் என்று நோட்டில் எழுதினேன். பிறகு மழை. மூன்று நாள் மழை விடுமுறை. இரண்டு நாள் ரோட்டில் மண் சரிந்து நான் கரியாலூரோடு திரும்பினேன். மீதி பதினொன்று.

அந்தப் பதினொரு நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்தேன். ட, ப, ம. மணலில் எழுதினாள். களிமண்ணில் செய்தாள். நாலாவது நாள் 'படம்' என்று கூட்டினாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்தாவது நாள் அதே சொல்லைச் சுவரில் காட்டினேன். தெரியவில்லை. எழுத்தைக் காட்டினால் அவள் கண் என் வாய்க்கு வரும். உதடு எப்படி அசையப்போகிறது என்று பார்ப்பாள்.

"என்னைப் பார்க்காத. எழுத்தைப் பாரு."

"நீங்க ஒருவாட்டி சொல்லிட்டீங்கன்னா நான் சொல்லிடுவேன் டீச்சர்."

"நான் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

மணலைத் தட்டிச் சமப்படுத்தி, அடுத்த எழுத்தை எழுதச் சொன்னேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன், மலரை இறக்கி அரும்பு போட வேண்டும் என்று. அவர் கெட்டவர் அல்ல. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது, மூட்டு வலி.

"மூணாவதுல திரும்ப அரும்பு போட்டா, ஏன்னு ரெண்டு பேரும் எழுதணும்மா. எழுதலாம். எழுதினா பொண்ணு படிச்சிடுமா?"

"நான் போட்டது தப்பு சார்."

"உங்க நோட்டுல எழுதிக்கிங்க. அங்கதான எல்லாத்தயும் எழுதறீங்க." சிரித்தார். நானும் வாதாடவில்லை. அந்த வெள்ளியும் மலரே போயிற்று.

அவள் அப்பா ஜனவரி முதல் வாரம் வந்தார், பொங்கலுக்கு மறுநாளே கிளம்புகிறோம் என்று சொல்ல. அவரைத் தனியாக வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னேன். பாப்பாவுக்குப் பாடம் எல்லாம் மனப்பாடம்தான், எழுத்து தெரியாது, நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன், மேஸ்திரியோடு போங்கள்.

அவர் நான் விளையாடுவதாக நினைத்தார். மகளைக் கூப்பிட்டு, அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். "படி."

படத்தைப் பார்த்தாள். விரலை வைத்தாள். ஓடை போகிற மாதிரி படித்தாள். கேள்வி வருகிற இடத்தில் குரல் உயர்ந்தது.

"இன்னா டீச்சர்," என்றார் அவர், "நல்லாத்தான படிக்குது." பிறகு கொஞ்சம் தயங்கி, "பாப்பா போயிட்டா பள்ளிக்கூடத்துல ஆளு கம்மியா ஆயிடும்னு சொல்றீங்களா? நீங்க கேட்டா வுட்டுட்டுப் போவலாம்தான். ஆனா இந்தவாட்டி அது இல்லாம போவ முடியாதுங்க. மேஸ்திரிகிட்ட வர மாட்டேன்னு சொல்லிப்புட்டேன்."

புதிய அட்டைகள் கூடத்துக்குள் இருந்தன. பத்தடி போய் எடுத்து வந்து அவர் முன்னால் காட்டியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த நாள், வியாழக்கிழமை. மறுநாளே கிளம்புவதாக இருந்தவர்கள் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். முதல் பஸ் கரியாலூரில் நின்றது, நான் இறங்கினேன். நிறுத்தத்தில் அவர்கள் இருந்தார்கள். அவள் அப்பா, தலையில் மூட்டையோடு அம்மா, இடுப்பில் சின்னப் பிள்ளை. அவள் கையில் பள்ளிப் பை. பஸ் அப்படியே திரும்பி மலை இறங்கும். டிரைவர் போர்டை மாற்றிப் போட்டார்.

"பாப்பா, இன்னா போட்டுக்கிது?"

அவள் போர்டைப் பார்த்தாள். பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்துக்குக் கரியாலூரிலிருந்து கீழே போவது ஒரே பஸ்தான், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கள்ளக்குறிச்சி" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா என்கிற மாதிரி. பக்கத்தில் மூட்டையோடு நின்ற இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஏறினார்கள். அவர்களும் மேஸ்திரி இல்லாமல் போகிறவர்கள் என்று பிறகு தெரிந்தது.

கள்ளக்குறிச்சி நிலையத்தில் அந்த நேரத்தில் எத்தனை பஸ் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு சேலம். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

மறுநாள் மதிப்பீடு. மூன்றாம் பருவப் புத்தகங்கள் வந்திருந்தன, பிரித்துக் கொடுத்தேன். யானைப் பக்கத்தைக் கண்டதும் ஒன்றாம் வகுப்பு ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, "யானைக்கு பஸ்ஸு கெடச்சிதா டீச்சர்?" என்று கேட்டது. மாலை தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் அவள் பெயரைத் தொட்டேன். பெயருக்கு நேரே மலர் இருந்தது. வருகை என்ற இடத்தில் இல்லை என்று போட்டு அனுப்பினேன். ஜூனில் அவர்கள் திரும்பவில்லை. அவளுடைய மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வேறு எந்தப் பள்ளியிலிருந்தும் கடிதம் வரவில்லை.