சுற்றும், ஸ்டார்ட் ஆகாது

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கின் மானத்தை வாங்குவதற்கென்றே எங்கள் தொழிலில் பிறந்த வியாதி இது. நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கராஜ் போட்டு இருபது வருடமாகிறது. கொழும்பின் நெரிசல்மிக்க காலி வீதியில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் ஹோர்ன் அடிக்கிற பஸ்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் வேதனையில் பாதியாவது புரியும். மீதிப் பாதி வெட்கம். அதிலும் ஒரு மனிதரின் கண் சம்பந்தப்பட்ட வெட்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. சின்னதுகளிலிருந்து தொடங்குகிறேன்.

முள்

எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவின் கார், ஒரு ஞாயிறு காலை சேர்ச்சில் பூசைக்குப் புறப்படும்போது அடம்பிடித்தது. நான் போனதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, பெற்றோல் இருக்கிறதா என்பதுதான். பெற்றோல் மீற்றர் முள் பாதியில் நின்றது. அதை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, பெரிய மேதாவி மாதிரி பிளக் நான்கையும் கழற்றித் துடைத்தேன், இக்னிஷன் கொயிலைச் சோதித்தேன், பற்றரி முனைகளைச் சுரண்டினேன்.

பூசை முடிந்து சனம் திரும்பி வருகிறது, நான் இன்னும் பொனட்டுக்குள்தான். கடைசியில் காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். டாங்கில் சத்தமே இல்லை. முள் அங்கேயே இறுகி எத்தனை நாளோ! போத்தலில் பெற்றோல் வாங்கிவந்து ஊற்றியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட். அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டே சொன்னார்: “அடுத்த கிழமை நான் காரைப் பாக்கிறன், நீ எனக்குப் பதிலா பூசைக்குப் போ.”

தகடு

வெள்ளவத்தையில் ஒரு வங்கி மனேஜர். அவருடைய கார் மூன்று நாள் என் கராஜில் கிடந்தது. டாஷ்போர்டில் ஒரு சாவிப் படம் மினுங்கிக்கொண்டே இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டு, எஞ்சினின் கம்பியூட்டர் செத்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பாவம், மனிதர் முகம் கறுத்துப் போனார்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்த மற்றச் சாவியைக் கொண்டுவந்தார். அதைப் போட்டதும் ஸ்டார்ட்! பழைய சாவியைத் திருப்பிப் பார்த்தேன். கார் நிற்பதற்கு முதல் நாள் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த செப்புத் தகட்டைச் சாவியின் தலையைச் சுற்றி மடித்துக் கட்டியிருந்தார். சாவித் தலைக்குள் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது; தகடு அதை மறைத்துவிட்டது. நானோ வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன்; சாமி காரியத்தை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கினேன். அவரே தகட்டை அவிழ்த்துக்கொண்டு சொன்னார்: “கள்ளன் எடுக்கக்கூடாது எண்டுதான் தம்பி கட்டினனான். அது தன்ர வேலையைச் செய்திருக்கு, நீங்கள்தான் செய்யேல்ல.”

சுவிட்ச்

மகேஸ்வரி டீச்சரும் வெள்ளவத்தைதான். பத்து வருடமாக அவருடைய காரில் என்னைத் தவிர வேறு மெக்கானிக் கை வைத்ததில்லை. அன்று அவருடைய கணவருக்குக் கண் ஒப்பரேஷன். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த திகதி. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். கார் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆறு மணிக்குப் போன் வந்தது.

போய்ச் சாவியைத் திருப்பினேன். பெற்றோல் பம்ப் இரையவில்லை. பம்ப் போய்விட்டது என்றேன். டீச்சர் த்ரீவீலர் பிடிக்க வெளிக்கிட்டார். “ஐயாவை ஏன் குலுக்கிக்கொண்டு போறீங்கள் டீச்சர், அரை மணித்தியாலத்தில சரியாக்கித் தாறன்” என்று தடுத்தவன் நான்தான். அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்சீற்றில் ஏறி உட்கார்ந்திருந்த ஐயாவை இறக்கி, சீற்றைத் தூக்கி, கையோடு கொண்டுபோன வேறு பம்ப் போட்டேன். அதுவும் இரையவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கவே எட்டு மணி தாண்டியது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது டிரைவர் சீற்றுக்குக் கீழே, காப்பற் விரிப்புக்கு அடியில், ஒரு சின்னச் சுவிட்சில் போய் நின்றது. வயரில் டேப் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததுமே என் கைவேலை என்று தெரிந்துவிட்டது. டீச்சர் வீட்டு ஒழுங்கையில் அடுத்தடுத்துக் கார் களவுபோன காலத்தில், பம்புக்குக் கரண்ட் போகாமல் நிறுத்த நானே பொருத்திப் பூட்டிய சுவிட்ச் அது. அடியோடு மறந்துவிட்டேன். முதல் நாள் காரைக் கழுவிய யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள்.

கார் ஸ்டார்ட் ஆனபோது ஒன்பதரை. திகதி போய்விட்டது, அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். ஐயா வாசல் படியில் இருந்தபடி, “பரவாயில்ல, வெயிலுக்க நிக்காமல் உள்ளுக்க வாரும்” என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டீச்சரிடம் பாய்ந்தேன், சுவிட்ச் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று. டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை: “பூட்டினது நீங்கள், முதல்ல அதைத்தான் பாத்திருப்பீங்கள் எண்டு நினைச்சன். அதோட, ‘ஆர் கேட்டாலும் சொல்லக்கூடாது, நான் கேட்டாலும் சொல்லாதேங்கோ’ எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்.”

இருபது வருட அனுபவத்தில் நான் தேறியது இவ்வளவுதான்: ஐயாவின் அடுத்த திகதியன்று ஆறு மணிக்கே டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன், த்ரீவீலரோடு.