அண்ணன் தெருவுக்கு எத்தனை?

நிலம் ஆடி அடங்கிய மறுநாளே கதவைத் தட்டி, "பீரோ நகர்ந்துச்சா? நிக்க முடிஞ்சுதா?" என்று கேட்கிற பெண்ணை யாருக்குத்தான் பிடிக்கும்? நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஊர் வைத்த பெயர் ஆட்டக்கணக்கு. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள்.

கருவி ஐந்தரை என்று சொல்லிவிட்டது. அது பூமிக்கடியில் கிளம்பிய பலம், ஊருக்கெல்லாம் ஒரே எண். எந்தத் தெரு எவ்வளவு ஆடியது என்பதற்கு வேறு எண் உண்டு. அதை வீடு வீடாகக் கேட்டுத்தான் போட வேண்டும். "அம்மா போடுற சத்தம் ஒண்ணுதான். பக்கத்துல நிக்கிறவனுக்கும் மொட்டை மாடில இருக்கிறவனுக்கும் ஒரே மாதிரியா கேக்கும்?" என்பாள். நிற்கவே முடியாதபடி ஆடியிருந்தால் ஏழு. அப்படிப் போட்டுவிட்டால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தத் தெருவில் யாரும் வீட்டுக்குள் தங்கக் கூடாது.

அன்று அவளுக்கு வாய்த்தது அண்ணன் தெரு. குளத்தைத் தூர்த்துக் கட்டியது. இளகின மண் கூடுதலாகத்தான் ஆடும். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டு: "லேசா ஆடுச்சு, அவ்வளவுதான்." சொல்லிக்கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியாதா? பேசிப் பேசியே எல்லோரையும் அங்கே குடியேற்றியவன் அவள் அண்ணன்.

"டம்ளர்கூட நகரலை. நான் பாட்டுக்கு நின்னுட்டிருந்தேன்" என்றான் அண்ணன்.

பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அறைக்கதவு மூட மறுத்தது.

"பீரோ தானா நடந்து வந்துச்சா?"

"பெருக்க இழுத்தோம்" என்றான். அண்ணி தரையைப் பார்த்தாள்.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, இன்னொரு ஆட்டம் வரலாம். நான் தப்புன்னா எல்லாரும் திரும்பி வந்து என்னை நாலு திட்டு திட்டுங்க. நீ தப்புன்னா திட்டறதுக்கு யாரு மிஞ்சுவா?"

அண்ணன் குழந்தை தூங்கும் அறையை எட்டிப் பார்த்தான்.

"நிக்க முடியலைம்மா. உள்ள பாப்பா அழறா. எழுந்திருக்கேன், விழறேன். தவழ்ந்துதான் போனேன்."

யாருக்கும் வளையாதவன் அவன். அவள் கேலி செய்யவில்லை. ஏழு என்று போட்டாள்.

அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றான். "நேத்து நான் தவழ்ந்தேன்யா. நீங்களும் உள்ளதைச் சொல்லுங்க."