அமாவாசையன்று ஓடிய தறி

கமலவேணியின் பயம் பிள்ளையார்பாளையம் முழுக்கப் பிரசித்தம். தபால்காரர் மணியடித்தால்கூட கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள். ரேஷன் கடையில் அரிசி குறைந்தால் அதையும் கும்பிட்டு வாங்கி வருவாள். தறிக்குழியில் கால் வைத்தால் மட்டும் ஆளே வேறு. கணவர் உமாபதி வலப்பக்கம் உட்கார்ந்து குறுக்கு நூல் சுற்றிய நாடாவைக் கரைக்கு எறிய, இவள் புடவையின் உடலை நெய்வாள். கரையும் உடலும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு இழை பிசகாது. பெண்டாட்டி நெய்ய புருஷன் எடுபிடியா என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டும், உமாபதிக்கு அதில் வருத்தமில்லை.

அவள் வாய்விட்டுத் திட்டியது ஆயுளில் ஒருத்தியைத்தான், அதுவும் திரையில் வந்தவளை. எழுபத்தைந்தாம் வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வெளிநாட்டு யுத்தப் படம் போட்டார்கள். பாஷை புரியாதே என்று பரசுராமன் வாத்தியார் மைக்கைப் பிடித்து, காட்சிக்குக் காட்சி தமிழில் சொன்னார். நாலு வாக்கியத்துக்கு ஒரு முறை இருமினார். படத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஒரு கூட்டத்தாரை மட்டும் வீடு வீடாகத் தேடுகிறார்கள். ஒரு வீட்டைக் காட்டி, எதிர்வீட்டுத் தையற்காரியை ஒருவன் கேட்கிறான். அவள் கெட்டவள் இல்லை. பயத்தில், "காலி வீடுதான், ஆனால் மாடியில் நடக்கிற சத்தம் கேட்கிறது" என்று சொல்லிவிடுகிறாள். மாடியிலிருந்து ஆறு பேரை இறக்கிக்கொண்டு போகிறார்கள்.

கமலவேணி எழுந்தே நின்றுவிட்டாள். "வாயை மூடிக்கினு இருந்தா இன்னாடி உனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகும் பல நாள், அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தையற்காரியைத் திட்டுவாள்.

அடுத்த வருஷம் நெருக்கடி நிலையின் கெடுபிடி இந்தத் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. விசாரணை இல்லாமல் உள்ளே போடும் மிசா என்ற சொல்லை வாசலில் நின்று சொல்ல ஜனங்களுக்குத் துணிச்சல் இல்லை. துண்டுப் பிரசுரம் அச்சடித்த வரதராஜனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவன் பெண்டாட்டிக்குக்கூட யாரும் சொல்லவில்லை. அந்தப் பிரசுரத்தை எழுதிக் கொடுத்தது பரசுராமன் வாத்தியார் என்று வெளிவந்தபோது, அவர் ஊரிலேயே இல்லை என்றார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரம் இழை அறுந்து தறியை நிறுத்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. மைக்கில் கேட்ட அதே இருமல். வாத்தியார் அங்கேதான் ஒளிந்திருக்கிறார் என்று கமலவேணிக்குப் புரிந்துபோயிற்று. ஒளித்து வைத்தவனுக்கு என்ன தண்டனையோ, தெரிந்தும் சொல்லாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதேதானோ! கணவரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. எட்டு நாள் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் தெருவில் தறிகள் ஓடி இருமலை விழுங்கின, அதுதான் ஒரே ஆறுதல்.

ஒன்பதாம் நாள் அமாவாசை. அமாவாசையன்று நெசவுக்காரர்கள் தறியைத் தொடமாட்டார்கள். உமாபதி தர்ப்பணம் கொடுக்க சர்வதீர்த்தக் குளத்துக்குப் போயிருந்தார். ஏட்டு கோதண்டபாணி சைக்கிளை அவள் வாசலில்தான் நிறுத்தினார். கூரத்துக்காரர், பயிர் வைக்கும் குடும்பம், இந்தப் பக்கத்துக்குப் புதுசு.

"இன்னாம்மா, தெருவே கப்சிப்னு கிடக்குது?"

ஏதோ ஒரு சாதாரணப் பதிலைச் சொல்லி ஆளை அனுப்பிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். "அமாவாசைங்க. இன்னிக்கு யாரும் தறியில உக்காரமாட்டோம். ஒரு வீட்லயும் சத்தம் வராது."

சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. வாத்தியாருக்கு இருமல் வந்திருக்கும். அதை அமுக்கப் பஞ்சாட்சரம் நாள் கிழமை பாராமல் உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டு மெதுவாகத் திரும்பினார். "ஒரு வீட்லயும் வராதுன்னியே?"

திரையில் பார்த்த தையற்காரிதான் கமலவேணியின் நினைவுக்கு வந்தாள். அவளிடம் கேட்ட மாதிரியேதான் இவளிடமும் கேட்டார்கள், அவள் சொன்ன மாதிரியேதான் இவளும் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"அது முகூர்த்தப் புடவைங்க. நாளன்னிக்குக் கல்யாணம். அவசரம்னா சாமிக்குக் காசு முடிஞ்சு வெச்சுட்டு உக்காருவோம்."

"நீ உக்காரலியே?"

"நானும் உக்காரத்தான் போறேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கல்யாணத்துப் புடவைங்க."

"உக்காரு, பாக்கறேன்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அமாவாசையன்று அவள் குழியில் கால் வைத்தாள். மிதிப்பலகை முதலில் காலுக்குத் தட்டுப்படவே இல்லை. கரை எறிய வலப்பக்கம் ஆள் இல்லை. உடலை மட்டும் நெய்தாள். கரை இழைகள் குறுக்கே ஊடை விழாமல் வெறுமனே நின்றன. நெசவு வீட்டில் பிறந்த யார் பார்த்தாலும் குட்டு உடைந்திருக்கும். இரண்டு இழை அறுந்தது. நிறுத்தினால் இருமல் கேட்டுவிடுமே என்று அறுந்ததோடேயே நெய்தாள். கண்ணீர் பட்டில் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏட்டு நிலைப்படியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஐயா வராரு. வீடு வீடாப் பாப்பாரு. அவரு சம்சாரம் அய்யம்பேட்டை, நெசவு வீட்டுப் பொண்ணு. அமாவாசைன்னா இன்னான்னு அவருக்கு நல்லாத் தெரியும்."

குனிந்து அந்தக் கரை இழைகளைப் பார்த்தார். "கரையையும் சேர்த்து நெய்யும்மா. எனக்கே தப்பாத் தெரியுது."

சைக்கிள் தெருமுனை தாண்டியதும் கமலவேணி பின்கட்டு வழியாக ஓடினாள். "அண்ணே, மூணு மணிக்கு வராங்களாம்" என்பதற்கு மேல் பஞ்சாட்சரத்திடம் அவளால் பேச முடியவில்லை. பத்தரை மணிக்குத் தலையில் நூல் மூட்டையோடு ஒருவர் பின்சந்தில் நடந்து வாலாஜாபாத் பஸ் ஏறினார். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. கெட்டுப்போன நாலு விரற்கடை நெசவை மறுநாள் உமாபதிதான் பிரித்தார்.

எழுபத்தேழில் கெடுபிடி ஓய்ந்து பரசுராமன் வாத்தியார் ஊர் திரும்பினார். நேரே அவள் வீட்டுக்கு வந்து, "அந்தத் தையற்காரியை இன்னும் திட்டிக்கினுதான் இருக்கியாம்மா?" என்று சிரித்தார்.

கமலவேணி சிரிக்கவில்லை.

"இல்லீங்க சார். அவ சொன்னதைத்தான் நானும் மொதல்ல சொன்னேன். மறு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் கெடைச்சுது. அவளுக்குக் கெடைக்கல."