லிஃப்ட்காரரின் மூன்று வருட வட்டி

முப்பத்திரண்டு வருடமாக அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கியே பிழைத்தவர், தான் குடியிருக்க மட்டும் தரைத்தளத்தில் ஒரு வீடாகத் தேடிப் பிடித்தார். "ஞாயிற்றுக்கிழமையாவது மெஷின் சத்தம் கேட்காம சாப்பிடணும்" என்பார். அந்த வீட்டுச் சமையலறை மூலையில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டு, தெருவிலுள்ளவர்களின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். ஆக, மெஷின் சத்தம் இல்லாமல் அவர் சாப்பிட்டதே கிடையாது.

ஊரில் இருபத்திமூன்று கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. எங்கே போனாலும் முதலில் கதவில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருக்கும். பிறகுதான் பையைத் திறப்பார். வேலை முடிந்ததும் கட்டடத்துச் சர்வீஸ் நோட்டில் தேதி, நேரம், என்ன செய்தார், எது பாக்கி என்று பொடி எழுத்தில் எழுதி, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்காமல் வெளியே வரமாட்டார். காவலாளிகள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வேறு பெயர் இருந்ததா என்று அவர்கள் யோசித்ததில்லை.

முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, கணக்கு முடித்து அவருக்கு நாலு லட்சம் கொடுத்தார்கள். அத்தனை பணத்தை மொத்தமாக அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே மனைவியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், மூன்று வருட வைப்பு நிதியில் போட்டார். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: தவணை முடிந்ததும் அதே காலத்துக்குப் புதுப்பிக்கலாமா என்று. மனைவி எட்டிப் பார்த்து, "அதுல டிக் போடுங்க. சார், இவருக்குச் செருப்பைக் கழட்டிப்போட்ட இடமே ஞாபகம் இருக்காது. மூணு வருஷம் கழிச்சு வரணும்னு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?" என்றாள். எதிரே இருந்த அதிகாரி சிரித்துவிட்டுத் தன் பேனாவையே கொடுத்தார். லிஃப்ட்காரர் டிக் போட்டார்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. முதல் மூன்று வருடம் முடிந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருடம் ஆன பிறகுதான் ரசீதை எடுத்துக்கொண்டு போனார்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "மூணு வருஷத்துக்குத்தான் வட்டி வந்திருக்கு. அதுக்கப்புறம் பணம் சும்மா கிடக்குதுங்க."

"சும்மா கிடக்குதா? யார்கிட்ட?"

"எங்ககிட்டதான்."

"நீங்க சும்மாவா வெச்சிருந்தீங்க?"

அவள் மேனேஜர் அறையைக் காட்டினாள்.

மேனேஜர் அந்தக் கிளைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கனத்த உடம்பு, மேஜைமேல் இரண்டு போன், ஏதாவது ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. "புதுப்பிக்கச் சொல்லி நீங்க எழுதித் தரலையே" என்றார்.

"விண்ணப்பத்துல டிக் போட்டேன் சார்."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லை."

"கம்ப்யூட்டர்ல நான் போடலை சார். காகிதத்துலதான் போட்டேன். அந்தக் காகிதம் எங்கே?"

"அதெல்லாம் பழைய கட்டு. தேடணும்" என்று மேனேஜர் போனை எடுத்தார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அந்த மூன்று வருடத்துக்கு வரவேண்டிய வட்டி தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம். மனைவி துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். லிஃப்ட்காரர் மனு எழுதினார். ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: தங்கள் பதிவேட்டின்படி எந்தத் தவறும் இல்லை, இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் சேமிப்புக் கணக்குக்கு உண்டான வட்டி தருகிறோம். அது கேட்டதில் பாதிகூடத் தேறாது.

"வர்றதை வாங்கிக்கலாமே" என்றாள் மனைவி, அரை மனதாக.

"நல்லெண்ணம் எனக்கு எதுக்கு? நான் கேட்டது வட்டி" என்றார். குரலை உயர்த்தவில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வங்கி இருந்த ஆறு மாடிக் கட்டடமும் அந்த இருபத்திமூன்றில் ஒன்று. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் அங்கே சர்வீஸுக்குப் போகவேண்டும். கட்டடமே வங்கியுடையது என்பதால் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அதே மேனேஜர்தான். லிஃப்ட்காரர் இதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார். வட்டி கேட்கப் போகும் நாளில் நல்ல சட்டை போட்டு, முன்வாசல் வழியாகப் போய், டோக்கன் எடுத்து வரிசையில் உட்காருவார். சர்வீஸ் நாளில் காக்கிச் சட்டை, பக்கவாசல். அன்று வட்டியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். நோட்டை நீட்டுவார், மேனேஜர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார், வந்துவிடுவார்.

மனைவியின் தம்பி ஒரு மோட்டார் பம்பு கடையில் வேலை பார்ப்பவன். அவனுக்கு இது பொறுக்கவில்லை. "மாமா, கையில ஸ்பேனரை வெச்சுக்கிட்டு எதுக்கு மனு எழுதுறீங்க? ஒரு நட்டைத் தளர்த்தி விடுங்க. அந்த ஆளு ஒரு வாரம் படியேறட்டும். வட்டி தானா உங்க வீட்டுக்கு நடந்து வரும்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். "அந்த லிஃப்டுல மூணாவது மாடிக் கண் டாக்டர்கிட்ட போறவங்க ஏறுறாங்க. மேல ஆபீஸுக்கு மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு தினம் ஏறுது. பேங்க் வேற, லிஃப்ட் வேற. இன்னொரு தடவை விளையாட்டுக்குக்கூட இப்படிப் பேசாதே." மச்சான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் போன் வந்தது. கரண்ட் போய் வங்கி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள். மேனேஜர்.

காவலாளி வாசலிலேயே காத்திருந்தான். கவுண்டர் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்றார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர்களில் ஒருவர், காதில் விழட்டும் என்றே, "வட்டி கேட்டவர் வந்துட்டாருப்பா" என்றார். லிஃப்ட்காரர் காது கேளாதவர்போல அவர்களைத் தாண்டி நாலாவது மாடிக்கு ஏறினார்.

லிஃப்ட் பெட்டி மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. சாவி போட்டு வெளிக்கதவை ஒரு சாண் திறந்து, தரையில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தார். பெட்டியின் உள்கதவை மேனேஜர் ஏற்கெனவே தள்ளித் திறந்து வைத்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. இடைவெளியைப் பிடித்து ஏறிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கையை எடுங்க. ஏறாதீங்க."

"மூச்சு முட்டுதுய்யா. இது அறுந்து விழுந்துடுமா?"

"விழாது சார். கயிறு அஞ்சு இருக்கு. ஒண்ணு போதும் உங்களைத் தாங்க, நீங்க ரெண்டு பேரா இருந்தாலும்."

உள்ளேயிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மேலே போய் மெஷினைக் கையால் சுற்றிப் பெட்டியை நகர்த்த லிஃப்ட்காரருக்கு ஏழெட்டு நிமிடம் போதும். ஆனால் பயந்த ஆள் உள்ளே இருக்கும்போது பெட்டியை அசைக்கக் கூடாது. அசையும் நேரத்தில் வெளியே தாவுவான், நசுங்குவான். அதனால் படுத்தபடியே பேச்சுக் கொடுத்தார். கீழே உட்காரச் சொன்னார். ஷூவைக் கழற்றச் சொன்னார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். இரண்டு பெண்கள், சின்னவளுக்கு லிஃப்ட் என்றால் உயிர் என்றார் மேனேஜர். மூச்சு சீராகத் தொடங்கியது.

அப்புறம் மேனேஜரே மெல்லக் கேட்டார். "கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. இது... நீங்க எதுவும் செய்யலையே?"

லிஃப்ட்காரர் முகத்தை இடைவெளிக்கு இன்னும் அருகே கொண்டுபோனார். தரையின் குளிர்ச்சி அவர் கன்னத்தில் பட்டது. "இல்லை சார். கரண்ட் போனா பக்கத்து மாடிக்குக் கொண்டு சேர்க்க ஒரு பேட்டரி இருக்கு. அது செத்து நாலு மாசம் ஆச்சு. மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான் சார். நோட்டுல இருக்கு."

உள்கதவை மூடிக்கொள்ளச் சொன்னதும் மேனேஜர் இழுத்து மூடினார். லிஃப்ட்காரர் கதவைப் பூட்டிவிட்டுக் காவலாளியை அங்கேயே நிறுத்தி, மொட்டைமாடி அறைக்கு ஏறினார். பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியை மூன்றாவது மாடிக்கு இறக்கினார். மேனேஜர் ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். கண் டாக்டரிடம் வந்திருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் மேலிடத்துக்கு விபத்து அறிக்கை எழுதவேண்டியிருந்தது. நோட்டை வரவழைத்துப் படித்தார். "பேட்டரி மாற்ற வேண்டும். ஆபத்து." நாலு செவ்வாய்க்கிழமை, நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. இவ்வளவு துல்லியமாக எழுதிவைக்கிற மனிதன், போடாத டிக்கைப் போட்டேன் என்று சொல்வானா என்று அவருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கவுண்டர் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அடித்தளத்து அறைக்கு இறங்கினார். இத்தனை மாதமாக யாரும் தேடாத கட்டு அங்கேதான் இருந்தது. மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடினார்கள். வியாழக்கிழமை அகப்பட்டது. கட்டத்தில் டிக், நீல மையில், கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியபோது அந்த ஒரு குறிப்பு விட்டுப்போயிருக்கிறது. இதைச் சொல்ல மேனேஜர் போன் செய்யவில்லை. வீட்டுக்கே வந்தார். தையல் மெஷின் பக்கத்தில், துணிகளை ஒதுக்கிவிட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பத்தின் நகலை நீட்டினார்.

"முழு வட்டியும் வந்துரும். தாமதமான நாளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கேன். மன்னிச்சுருங்க. முதல் நாளே நான் தேடியிருக்கணும்."

"இப்பவாவது தேடினீங்களே சார்" என்றார் லிஃப்ட்காரர். மனைவி அத்தனை சுலபமாக விடவில்லை. "மேல போறப்போ நாற்பது நிமிஷம் நின்னதுக்கே உங்களுக்கு அப்படி வேர்த்துச்சே. எங்க பணம் மூணு வருஷம் நின்னுச்சு" என்றாள். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, காபி கலக்கப் போனாள்.

இரண்டு வாரத்தில் பணம் ஏறியது. பேட்டரியும் மாறியது. கவுண்டர் பெண் இப்போது அவர் எந்தச் சட்டையில் வந்தாலும் எழுந்து வணக்கம் சொல்கிறாள். வங்கியை மாற்றிவிடலாமே என்று மச்சான் கேட்டதற்கு, "இந்த மேனேஜர் இனிமே படிக்காம கையெழுத்துப் போடமாட்டார். புதுசா ஒருத்தரைப் பழக்க எனக்குத் தெம்பு இல்லை" என்றார்.

வட்டியில் ஒரு பங்கை எடுத்து, வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரை உடைத்து அகலமாக ஒரு ஜன்னல் வைத்தார்கள். காலை பத்து மணி வெயில் நேராக ஊசிமேல் விழுகிறது. நூல் கோக்க மனைவி இப்போது கண்ணைச் சுருக்குவதில்லை. தெருப்புழுதி எல்லாம் உள்ளே வருகிறது என்று தினமும் திட்டுகிறாள். ஆனால் ஜன்னலை மூடச் சொன்னதில்லை. லிஃப்ட்காரர் சாப்பிட்டுக்கொண்டே அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்.