ரெண்டு பேராகப் போகிற கப்பல்

பயணம் விற்கிற தொழிலில், போவது என்று முடிவு செய்துவிட்டு வருகிறவர்களால் தொந்தரவே கிடையாது; போகலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் டீ சொல்ல வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடையில் மேசை நிறையச் சேலை பிரித்துப் போட்டுவிட்டு, "அக்காகிட்ட கேட்டுட்டு வாரேன்" என்ற பதிலோடு எல்லாவற்றையும் மடித்து வைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். வாடகை வீடு காட்டுகிறவர்களும் வரன் பார்த்துக் கொடுக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் என் ஆபீஸ். நான் ஒருவன், விசா வேலை பார்க்கிற பெனிட்டா ஒருத்தி. காசி, துபாய், சிங்கப்பூர் என்றால் யோசிக்காமல் சொல்வேன். சில வருஷமாக ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல் என்று ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய புருஷன் பெண்டாட்டிக்கு அது சரிப்படுமா என்று கேட்டால்தான் எனக்கு வாய் திக்குகிறது.

பாப்பா

முதன்முதலில் நான் அந்தக் கப்பலுக்கு அனுப்பியது பாளையங்கோட்டை ஜெபமணி டீச்சரையும் அவர் கணவரையும். போவதற்கு முன்னால் டீச்சர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தேன். கடல் மாதிரி ஆடாது. ஊர் ஊராகப் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். கப்பல் ராத்திரி நகரும், காலையில் ஓர் ஊரில் நிற்கும், இறங்கி நடந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தெருவெல்லாம் கல் பாவியது, முழங்காலுக்குக் கொஞ்சம் சிரமம். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்தக் கப்பல்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள். அதைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த டீச்சர் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் தொண்ணூறு வயசுக்காரங்க தம்பி. என் கையப் பிடிச்சிக்கிட்டு, பாப்பா, படி பாத்து இறங்குன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னைய யாரும் பாப்பான்னு கூப்பிட்டதில்ல."

அது என்னத்துக்கு ஆறு

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு டவுணில், ரத வீதியில் பாத்திரக்கடை. ஒரே மகளைச் சித்திரையில் கட்டிக்கொடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியாயிற்று. மகளுக்குப் பாடம் எடுத்தவர் ஜெபமணி டீச்சர். கல்யாண வீட்டில் டீச்சர் ஃபோனில் காட்டிய கப்பல் படங்களை அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா பார்த்திருக்கிறாள். மறுவாரம், "நாமளும் இப்படி ஒண்ணு போகணும்" என்றாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் இது என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, கவலையாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

டான்யூப் நதிக் கப்பலின் படத்தைக் காட்டினேன். பாத்திரத்தைச் சுண்டிப் பார்க்கிறவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். அறை என்ன அகலம்? ஜன்னல் திறக்குமா? சில நாள் ஒரு கப்பலை ஒட்டி இன்னொரு கப்பலை நிறுத்துவார்கள், அப்போது ஜன்னலைத் திறந்தால் அடுத்த கப்பல்காரன் முகம்தான் தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன். படத்தை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். காலையில் எந்தப் படித்துறையில் குளிக்க விடுவார்கள் என்று கேட்டார். ஆற்றில் இறங்கவே முடியாது, அறையிலேயே குழாய் இருக்கிறது என்றேன்.

அண்ணாச்சி படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "எட்டு நாளும் ஆத்து மேலயே கெடந்துட்டு, குழாயில குளிச்சிட்டு வரணும். ஒரு முங்கு போட முடியாதுன்னா அது என்னத்துக்குவே ஆறு?"

வேன்

அடுத்த தடவை வந்தபோது படியேறும் சத்தமே பலமாக இருந்தது. அண்ணாச்சி, அக்கா, அம்பாசமுத்திரத்திலிருந்து அக்காவின் தம்பி, அவர் மனைவி, பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோருமாகக் கப்பலுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. நாற்காலி போதாமல் பெனிட்டா எழுந்து நின்றுகொண்டாள்.

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணமான புதிதில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஜோடியாக அனுப்பி வைப்பார்கள். அதோடு சரி. அப்புறம் குற்றாலமோ திருச்செந்தூரோ, வேன் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பையோடு கிளம்பினால் ஒன்று ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சாவு விழுந்த துஷ்டி வீடு. ஆற்றுக் கப்பலில் அறைக்கு இரண்டு பேர்தான், பகலெல்லாம் கூட்டமாக உட்கார்ந்து சீட்டு விளையாட வசதி குறைவு, அது தம்பதிகளை நினைத்துக் கட்டியது என்று எடுத்துச் சொன்னேன். மச்சினர் தலையாட்டினார். அண்ணாச்சி ஆட்டவில்லை.

"நாங்க ரெண்டு பேரு மட்டும் பெட்டியத் தூக்கிட்டு இறங்குனா, யாருக்கு என்ன செய்யுது அண்ணாச்சின்னு தெருவே கேக்கும் தம்பி."

ஒத்திகை

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாங்குவதற்கு முன்னால் போட்டுப் பார்க்கிறோமே, அதைப்போல. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் பாபநாசம் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். பொழுது போகிறதா என்று பாருங்கள். போனால் கப்பலும் சரிப்படும் என்றேன். ஆற்றில் முங்கவும் செய்யலாம் என்றதும் அண்ணாச்சி ஒப்புக்கொண்டார்.

மறுவாரம் அவர் கடைப்பக்கம் போயிருந்தேன். வாசலில் அடுக்கியிருந்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஓர் அண்டாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேராத்தான்வே கெளம்புனோம். சேரன்மாதேவி வழியா போறோம், சின்னம்மைய பாக்காம போனா நல்லாருக்காதுன்னா இவ. சின்னம்ம நானும் வாரேன்னா. அம்பாசமுத்திரத்துல மச்சினன் ரோட்டுலயே நிக்கான். பாபநாசத்துல இறங்கி எண்ணிப் பாத்தா ஏழு பேரு."

அக்கா கேட்டது

ஒரு நாள் கோமதி அக்கா மட்டும் வந்தாள். மகளுக்கு இட்லிப்பொடி கூரியர் அனுப்ப ஜங்ஷனுக்கு வந்தவள், அப்படியே ஏறிவிட்டதாகச் சொன்னாள். குளிருக்கு என்ன போட வேண்டும், தயிர் கிடைக்குமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்கவில்லை. கைப்பையின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

மகள் இருந்தவரைக்கும் வீட்டில் பேச்சு இருந்தது என்றாள். அண்ணாச்சி மகளிடம் பேசுவார், அவளும் மகளிடம் பேசுவாள். இப்போது காலையில், "காப்பி." ராத்திரியில், "மோர் போதும்." நடுவில் கடை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் ஏதாவது வேண்டுமே என்றாள். நான் கப்பலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையமர்த்தினாள்.

"இங்கனன்னா கடை மேல பழியப் போட்டுக்கிடலாம் தம்பி. அங்கன போயும் எட்டு நாளு அவிய எங்கிட்ட பேசலைன்னா, அப்புறம் எனக்கு நிச்சயமா தெரிஞ்சு போயிரும்லா."

அண்ணாச்சி கேட்டது

அந்த வாரமே அண்ணாச்சியும் தனியாக வந்தார். மதியம் சாப்பாட்டுக்குக் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கப்பலில் இருந்துகொண்டு கடைக் கேமராவை ஃபோனில் பார்க்க முடியுமா என்பது கேள்வி. முடியும், சில இடங்களில் சிக்னல் இருக்காது என்றேன். எந்தெந்த இடங்களில் என்று கேட்டார். இப்படியே போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"கடையில எனக்கு வாய் மூடாது, நீரு பாத்திருக்கீரு. குத்துவிளக்கு வாங்க வந்தவன அண்டாவும் வாங்க வச்சிருவேன். வீட்டுப் படியேறுனா ஒண்ணும் வர மாட்டேங்கு. கடை இல்லாம என்னைய அவளுக்குத் தெரியாதுவே. அவ பாட்டுக்கு வேற யாரையோ நெனச்சிக்கிட்டு கப்பலுக்குக் கூப்பிடுதா." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நம் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது. அவர்கள் ஒரே வீட்டில் இருந்தாலும் கூடாது. அதனால் நான் அக்காவிடம் அண்ணாச்சி சொன்னதையோ, அண்ணாச்சியிடம் அக்கா சொன்னதையோ சொல்லவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை. இரண்டு நாள் பேச்சையும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்து கேட்டிருந்த பெனிட்டா தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சேர்ந்து ஒரு நாள்ல வந்து சொல்லியிருக்கலாம் சார்."

கட்டில்

மச்சினர் மகள் உண்டாகியிருந்தாள். அவளை விட்டுவிட்டு அவள் அம்மா வர மாட்டாள். அம்மா வராமல் மச்சினர் வர மாட்டார். மச்சினர் வராத கப்பலில் மற்றவர்களுக்கும் வேலை இல்லை. வேன் ஒரே வாரத்தில் காலியாகிவிட்டது.

அண்ணாச்சியும் அக்காவும் வந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வருஷம் எல்லோருமாகப் போகலாம் என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்த்து, "ரெண்டு பேருக்குப் போடுங்க தம்பி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தன்னுடன் தனியாக வரச் சம்மதமா என்று நம்ப முடியாதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு நாள்காட்டியை எடுக்கச் சொன்னார். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. பாத்திரக்கடைக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த மாதமே என்று முடிவாயிற்று.

இனி ஒரு கேள்வி பாக்கி. இந்தக் கப்பல்களில் கட்டில்களைச் சேர்த்தும் போடுவார்கள், பிரித்தும் போடுவார்கள். எப்படி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டிய எந்தத் தம்பதியிடமும் இதை முகம் பார்த்துக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. வழக்கம்போல் பெனிட்டாதான் கேட்டாள். அண்ணாச்சி சுவரில் இருந்த ஈபிள் கோபுரத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். ஆற்றுக் கப்பல் ஆடாது என்று அந்த அறையில் பல தடவை சொல்லப்பட்டிருந்தது. அப்படியும் அக்கா சொன்னாள்: "சேத்தே போடச் சொல்லு தாயி. கப்பல் ஆடுச்சுன்னா அவிய விழுந்துருவாவ."

தண்ணீர் வற்றியது

அவர்கள் கப்பல் ஏறிய மூன்றாம் நாள் செய்தி வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. கப்பல் மேற்கொண்டு போகாது. நின்ற இடத்திலிருந்து பயணிகளைத் தினமும் பஸ்ஸில் ஊர்களுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மழை இல்லாத காலத்தின் முடிவில் இப்படி ஆவது உண்டு. முகூர்த்தம் பார்த்தவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியது நான். அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் இரண்டு பேருமாக ஆபீஸுக்கு வந்தார்கள். நான் மன்னிப்பிலிருந்து ஆரம்பித்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையை அசைத்தார். முதல் நாள் பஸ்ஸில் போனார்களாம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மறுநாளிலிருந்து பஸ்ஸில் ஏறவில்லை. மற்றவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். கப்பல் காலி. இவர்கள் மேல்தளத்தில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பேசுனீங்க அக்கா?" என்று பெனிட்டா கேட்டுவிட்டாள். நான் அவளை முறைத்தேன்.

"அங்கன உக்காந்த மொத நாளு ஒண்ணும் பேசல" என்றாள் அக்கா. "மறுநாளு மத்தியானம் அவிய அந்த நாற்காலியிலயே தூங்கிட்டாவ. ராத்திரில என்னா குறட்டை விடுவாவ. மத்தியானம் சத்தமே இல்ல. எனக்குப் பயமா போச்சு, பைய மூக்குல கை வச்சுப் பாத்தேன். முழிச்சிட்டாவ. என்னட்டீன்னாவ. உசுரு இருக்கான்னு பாத்தேன்னேன். அதுல இருந்து பேச்சுத்தான்."

"இவ பாடுதா தம்பி" என்றார் அண்ணாச்சி.

"பாட்டெல்லாம் இல்ல. சும்மா முணங்குதது. வேல செய்யும்போது வரும்."

"அங்கன என்ன வேல இருந்துச்சு உனக்கு?"

"துண்டு மடிச்சேன்லா."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். கடையில் கேட்கிற குரல் இல்லை அது. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. "காலையில ஆறு மணிக்கு இவ எப்படி இருப்பான்னு தெரியும். ராத்திரி பத்து மணிக்குத் தெரியும். பகல் பதினோரு மணிக்கு இவ எப்படி இருப்பான்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாம இருந்திருக்குவே."

ஐம்பதைத் தாண்டிய புருஷன் பெண்டாட்டிக்கு ஆற்றுக் கப்பல் சரிப்படுமா என்று யாராவது கேட்டால், தண்ணீர் இல்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள் என்று சொல்ல இப்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடுகிறது. பெனிட்டா முறைக்கிறாள் என்பதால் டீ சொல்லிவிடுகிறேன்.