மூன்றாவது சிலிண்டர்

என் கணவர் இறந்தபோது எங்கள் சின்னக் காரின் எஞ்சின் திறந்து கிடந்தது. டேப்பட் சத்தம் கூடிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டி வீட்டு வாசலில் நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்று சிலிண்டரில் இரண்டை முடித்தார். தண்ணீர் கேட்டார். சொம்போடு நான் வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எட்டயபுரத்திலிருந்தும் புதியம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கல்லு மாதிரி இருக்கா என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். கரிசல் புழுதி புகாமலிருக்க எஞ்சின்மேல் யாரோ பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அதை மட்டும் அடிக்கடி பார்த்தேன்.

மறுநாள் காலை கொழுந்தன் வந்தான்.

"மதினி, சாயங்காலம் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாரேன். ஆறு வால்வையும் லூஸ் பண்ணி மொதல்ல இருந்து வைக்கணுமாம். ஒருத்தர் பாதியில விட்டதை அவிய நம்ப மாட்டாவளாம்."

சரி என்றேன். அவன் போன பிறகுதான் புரிந்தது. அவர் கை கடைசியாகச் செய்த வேலை அந்த நான்கு வால்வுகள்தான். அதைப் போய் ஒரு ஆள் அவிழ்ப்பதா? அத்தனை நாளில் எனக்குப் பொறுக்காமல் போனது அது ஒன்றுதான்.

மெக்கானிக் வருவதற்குள் மீதி இரண்டையும் நானே வைத்துவிடுவதென்று இறங்கினேன். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, செய்ததில்லை. "தகட்டை உள்ள விட்டு இழுத்தா லேசாக் கடிக்கணும்ட்டி" என்பார். எவ்வளவு லேசு என்று நான் கேட்டதில்லை. இடைவெளி அளக்கிற தகடுகளில் எந்தத் தகடு என்பதில் குழப்பமில்லை. என் நகப்பூச்சை எடுத்து இரண்டு தகடுகளில் பொட்டு வைத்திருந்தார். காற்று வாங்கும் வால்வுக்கு மெல்லியது, புகை விடும் வால்வுக்குச் சற்றுத் தடித்தது. கடிதான் தெரியவில்லை.

அவர் கடைசியாக முடித்த வால்வில் தகட்டை விட்டு இழுத்தேன். எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பு இழுபடுகிற மாதிரி இருந்தது. பத்துத் தடவையாவது இழுத்திருப்பேன். பிறகு எஞ்சின் சுற்றுவதற்காக டாப் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளி, மூன்றாவது சிலிண்டரின் வால்வுகள் தளர்ந்த இடத்தில் நிறுத்தினேன். திருகைத் திருப்பினால் கடி வந்தது. நட்டை இறுக்கினால் போய்விட்டது. சனியன் பிடித்த நட்டு. மறுபடி மறுபடி செய்து, அதே கடி கைக்கு வந்ததும் மூடியைப் போட்டு, அவர் கழற்றி வைத்திருந்த பிளக்குகளை மாட்டினேன்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரூடிரைவரை மூடிமேல் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டார்.

"பாதியில விட்டதுன்னு யாரு சொன்னா? அண்ணாச்சி முழுசா முடிச்சிட்டுத்தான் போயிருக்காவ."

கடைசி இரண்டும் நான் வைத்தவை என்று சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார். தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனேன். அங்கே வைத்துத்தான் முதல் தடவையாக அழுதேன்.