நிலவறையில் எரிந்த மஞ்சள் நெருப்பு

நீங்கள் என்னைச் சாகக் கிடத்திவிட்டு, பழியை என் விரதத்தின் மேல் போட்டீர்கள்.

இந்தப் பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் உங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் கீழே இருக்கிற நிலவறையில் நான் ரோல்ஸ் பொரித்தேன். முற்றத்துப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. எண்ணெய் மணக்கிறது என்று மேல்மாடிக்காரி சண்டை பிடித்ததும் அதில் பலகை வைத்து ஆணி அடித்தீர்கள். மேலே ஏறுகிற தரைக்கதவையும் ஆட்கள் சாப்பிடும் நேரமெல்லாம் மூடிவைக்கச் சொன்னீர்கள். குளிர் தொடங்கியபோது அடுப்பு மஞ்சளாக எரிந்தது. சட்டிகளின் அடியில் கரி அப்பியது. தேய்க்கிற வேலை கூடிவிட்டதே என்றுதான் எனக்கு எரிச்சல்.

கந்தசஷ்டி வந்தது. பகலில் ஒன்றும் இல்லை, பொழுதுபட்டால் பாலும் பழமும். தலை இடித்தது. கால் துவண்டது. விரதம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். தாங்குகிறேனே என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

என்னோடு வேலை செய்தவள் புதுச்சேரிக்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. வயிறு நிறையச் சாப்பிடுகிறவள். ஒரு நாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கும் தலையைப் பொளக்குது. உங்க முருகன் ஆள் மாறி வந்துட்டாரா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சாப்பிட்டவளுக்கும் ஏன் இடிக்கிறது என்று யோசிக்கவில்லை. அன்றைக்கே அவள் வாந்தி எடுத்தாள். நான் கொதிக்கிற எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் விழுந்தேன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இன்று எனக்கு முகம் இல்லை.

மேலே தூக்கிக்கொண்டு வந்து தெருக்கதவோரம் இருத்தினீர்கள். அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் தடுத்தீர்கள்.

"விரதகாரப் பொம்பிளை, மயங்கிறது வழமைதானே. பால் குடுத்தால் எழும்பியிடுவா."

எழும்பினேன். என்னை எழுப்பியது பால் இல்லை, தெருக்காற்று. அடுத்த கிழமை, உடம்புக்கு ஏலாத ஆட்கள் வேண்டாம் என்று வேலையை விட்டு நிறுத்தினீர்கள். புறநகரில், வில்லியே லே பெல்லில் என் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். நானும் என் உடம்பைத்தான் திட்டினேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. வேலை பழக்கியவள் முதல் காலையே அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால், கரி பிடித்தால், தலை இடித்தால், நிறுத்திவிட்டு வெளியே ஓடு என்றாள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அடுப்பு கக்குகிற, மணமே இல்லாத நச்சுக்காற்றாம். தூங்குகிற மாதிரிச் சாவாம். அங்கேயே உங்கள் மஞ்சள் நெருப்பையும் ஆணி அடித்த பலகையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்.

விழுந்து எழும்பினால் தைரியம் வரும் என்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. யார் எந்தக் காரணம் சொன்னாலும் அடுப்பை ஒரு தரம் நானே போய்ப் பார்க்கிறேன். அதைக் கற்றுக்கொண்டேன், அது போதும்.

இந்த வருசச் சஷ்டிக்கு இன்று காலை ரூ பஜோல் தெருவில் இருக்கிற கோயிலுக்குப் போய்விட்டு உங்கள் முற்றத்துப் பக்கமாக வந்தேன். பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறீர்கள். குப்பை கொட்ட வந்த, இப்போது கீழே பொரிக்கிற பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது. கேட்டேன்.

"தலையிடி அக்கா. சஷ்டி எல்லோ, விரதம்."

கீழே போகாதே என்று சொன்னேன். பொம்பியேயைக் கூப்பிடப் போனேன், தீயணைக்கிறவர்களாவது வந்து பார்க்கட்டும் என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு விசா இல்லை. அதற்குள் நீங்கள் வந்தீர்கள்.

"தங்கச்சி, உள்ளை வந்து கதை. றோட்டிலை நிண்டு என்ரை மானத்தை வாங்காதை."

உள்ளே வரமாட்டேன். இன்றைக்கே பலகையைக் கழற்றாவிட்டால், அவள் அழுதாலும் கூப்பிடுவேன். உயிரோடு இருந்தால்தானே விசா.

அதோடு விடமாட்டேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது கோயில் வாசலில் நிற்பேன். நீங்களும் வாருங்கள் அண்ணை. உங்கள் சொந்த மகளை அந்த நிலவறையில் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நிற்க விடுவீர்களா? ஓம் என்றோ இல்லை என்றோ, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.